பூ வைப்போம், எழுத மாட்டோம்

நியூ லிந்தால், விஸ்கான்சின்
1975 பிப்ரவரி 10

மதிப்பிற்குரிய ரோசினா டூர்ஸ்ட் அம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் குளிரில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் உங்கள் ஓபர்மாட் ஊராட்சிக்கு ஒரு கடிதம் போட்டேன். பழைய ஹெஃப்டி குடும்பங்களைப் பற்றி என்றால் திருமதி டூர்ஸ்டிடம் கேளுங்கள் என்று எழுத்தர் உங்கள் முகவரியை அனுப்பினார். என் ஜெர்மன் சிறுவயதில் தேவாலய வகுப்பில் கற்றது. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் பெயர் ஆர்டிஸ் லெக்லர், பிறந்த வீடு ஹெஃப்டி. அடுத்த வருடம் அமெரிக்காவுக்கு இருநூறு வயது. எங்கள் ஊர் விழாக் குழு ஒரு புத்தகம் போடுகிறது. ஒவ்வொரு குடும்பமும் முதலில் கப்பலேறி வந்தவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எங்கள் வீட்டில் அது என் தலையில் விழுந்தது. என் தாத்தா பால்ட்ஸ் ஹெஃப்டி 1884இல் ஓபர்மாட்டிலிருந்து தனியாக வந்தார். ஊராட்சியே கப்பல் டிக்கெட் கொடுத்து அனுப்பியது என்பார்கள். சில வருடம் அடுத்தவர் கொப்பரையில் சீஸ் காய்ச்சினார். பிறகு சொந்த நிலம், மாடுகள், இரண்டாவது கல்யாணம். 1931இல் இறந்தார். இதை வைத்துக்கொண்டு அரைப் பக்கம்கூடத் தேறாது.

ஆனால் நான் எழுதுவது புத்தகத்துக்காக இல்லை, என் அப்பாவுக்காக. அவர் பெயர் எமில், எண்பத்தைந்து வயது, இதயம் சரியில்லை. தாத்தா கப்பலேறும்போது முதல் மனைவி இறந்திருந்தாள். ஆறு வயது மகன் யாக்கோப்பை ஊரில் விட்டுவிட்டு வந்தார். பிறகு கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் பையன் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. தாத்தா இங்கே கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு கல் வைத்தார். 'யாக்கோப் ஹெஃப்டி, 1878–1886.' அதன் அடியில் யாரும் இல்லை. பார்த்தேயிராத அந்த அண்ணனுக்கு அப்பா வருடா வருடம் பூ வைக்கிறார். இப்போது ஒரே பிடிவாதம்.

"நெசமான குழி எங்க இருக்குன்னு கண்டுபிடி. அங்க யாரையாச்சும் விட்டு ஒரு பூ வைக்கச் சொல்லு. அது ஒண்ணுதான் பாக்கி எனக்கு."

கொஞ்சம் விசாரித்துச் சொல்வீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆர்டிஸ்


ஓபர்மாட், கிளாரஸ், சுவிட்சர்லாந்து
1975 ஏப்ரல் 2

திருமதி லெக்லருக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். முழங்கால் வலி உண்டு, கடிதத்தில் எழுதும் அளவுக்கு இல்லை.

நீங்கள் தேடும் குழி கிடைக்காது. எங்கள் கல்லறைத் தோட்டம் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். புதைத்து இருபத்தைந்து வருடம் ஆனால் கல்லை எடுத்துவிடுவார்கள். இடம் அடுத்தவருக்குப் போகும். 1886இல் புதைத்த இடத்தில் இப்போது எத்தனையாவது ஆள் படுத்திருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. வருகிற நவம்பரில் 1950ஆம் வருடத்து வரிசையின் முறை. பணக்காரர், ஏழை என்ற பாரபட்சமெல்லாம் கிடையாது.

பால்ட்ஸ் ஹெஃப்டி என்றால் எந்த பால்ட்ஸ்? ஊர் முழுக்க நாலே குடும்பப் பெயர். வைக்கும் பெயரும் திரும்பத் திரும்ப அதே ஐந்தாறுதான். தெருவில் நின்று 'யாக்கோப் ஹெஃப்டி' என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். வீட்டுப் பெயரைச் சேர்த்துத்தான் ஆளைச் சொல்வோம். உங்கள் தாத்தா எந்த வீடு?

இன்னொன்று. பையன் இறந்தான் என்று அவரிடம் சொன்னது யார்?

உங்கள் அப்பா நலம் பெறட்டும்.

ரோசினா டூர்ஸ்ட்


நியூ லிந்தால்
1975 ஏப்ரல் 21

அன்புள்ள டூர்ஸ்ட் அம்மாவுக்கு,

முழங்காலுக்குச் சூடான உருளைக்கிழங்கைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுங்கள். என் மாமியார் அதை வைத்துத்தான் தொண்ணூறு வரை நடந்தாள், எங்களையும் நடத்தினாள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொட்டியில் மூலிகை கலந்த பச்சை நிறச் சீஸ் தடவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "என்னது, கல்லைப் பிடுங்கிடுவாங்களா? செத்தவனுக்குமா குத்தகை?" என்று ஒரே சத்தம். அப்புறம் கத்தியைத் திரும்ப எடுத்தார். "அப்ப அவனுக்கு இங்க இருக்கிற கல்லுதான் கல்லு" என்றார்.

வீட்டுப் பெயர் அப்பாவுக்கு நினைவிருக்கிறது. பாறையடி வீடு.

சேதி சொன்னது ஃப்ரிடோலின் ஸ்ட்ரைஃப் என்று ஒருவர், உங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர். இந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே அந்தப் பக்கம்தான். ஓபர்மாட்டிலிருந்து வந்தவர் தாத்தா ஒருவரே. ஸ்ட்ரைஃப் கப்பலிறங்கி வந்த முதல் வாரம் சீஸ் ஆலையில் பேச்சுவாக்கில் சொன்னாராம்: "ஓபர்மாட்டா நீங்க? போன குளிருக்கு அங்க நிறைய பிள்ளைங்க போச்சு, தொண்டை அடைப்பான். யாக்கோப் ஹெஃப்டின்னு எட்டு வயசுப் பையன், நான் சவ ஊர்வலத்தையே பாத்தேன்." தாத்தா அப்போது கொப்பரையில் பால் திரித்துக்கொண்டிருந்தார். துடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனவர் சாயங்காலம் வரை வரவில்லை. ஒரு கொப்பரைப் பாலும் பன்றிக்குப் போனது.

ஊருக்கு எழுதி விசாரிக்கவில்லையா என்று அப்பா ஒரு தடவை கேட்டிருக்கிறார். "செத்தவனைப் பத்தி விசாரிச்சு என்னடா ஆகப்போகுது?" என்றாராம். தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. போதகரிடம் போய்ச் சொல்லி எழுத வேண்டும். அவர் முன்னால் அழ வேண்டிவரும் என்றுதான் போகவில்லை என்பது அப்பாவின் எண்ணம். ஆனால் மே மாதக் கடைசியில், எல்லாரும் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், முதல் ஆளாகச் சிவப்பு ஜெரானியத் தொட்டியோடு நிற்பாராம்.

இன்னொரு கதையும் உண்டு. முதல் உலகப் போர் முடிந்த குளிர்காலத்தில் அப்பா அமெரிக்கச் சிப்பாயாகப் பிரான்ஸ் எல்லையில் அல்சாஸில் இருந்தார். அங்கிருந்து சுவிஸ் மலைகள் தெரியும். விடுப்பு கிடைத்தது. கூட இருந்தவன், "போய் உங்கப்பன் ஊரைப் பாத்துட்டு வாயேன்" என்றான். "அங்க எனக்கு யார் இருக்கா? ஒரு சின்னக் குழி இருக்கு, அவ்வளவுதான்" என்று அப்பா பாரிஸுக்கு ரயிலேறிவிட்டார். அது ஒரு குறையாக அவர் மனதில் கிடக்கிறது. அந்தக் குழியையாவது பார்த்திருக்கலாம் என்பார்.

பதில் போடுங்கள். இவர் தினமும் தபால் பெட்டியை எட்டிப் பார்க்கிறார்.

ஆர்டிஸ்


ஓபர்மாட்
1975 ஜூன் 29

திருமதி லெக்லருக்கு,

பதில் தாமதம். புல் வெட்டும் காலம். உருளைக்கிழங்கு வைத்தியம் பரவாயில்லை.

பாறையடி வீட்டு பால்ட்ஸ் ஊரைவிட்டுப் போன கதை இங்கே தெரிந்ததுதான். உங்கள் இரண்டு பக்கத்துக்கு உதவட்டும். அவர் பையனை விட்டுவிட்டுப் புறப்படவில்லை. இரண்டு பேருமாகத்தான் பாசல் நகரம் வரை போனார்கள். அங்கே பையனுக்குத் தட்டம்மை கண்டது. காய்ச்சல்காரனைக் கப்பலில் ஏற்ற மாட்டேன் என்றான் ஏஜெண்ட். ஊராட்சி கொடுத்த டிக்கெட் அந்தக் கப்பலுக்கு மட்டும்தான் செல்லும். திரும்பி வந்தால் சோற்றுக்கு வழியில்லை. சந்தைக்கு வந்திருந்த நம் ஊர் மாட்டுக்காரர் ஒருவரிடம் பையனை ஒப்படைத்தார். தன் சிவப்புக் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் கழுத்தில் கட்டினார். "அடுத்த வசந்தத்துல கூப்பிட்டுக்கறேன். அதுவரைக்கும் சமத்தா இரு" என்றார். ரயில் நகரும்போது பையன் அழவில்லை. சமத்தாக இருந்தான்.

ஊரில் அவனை ப்ளூமர் என்ற விவசாயியிடம் விட்டார்கள். சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. அநாதைப் பிள்ளைகளை அப்போது அப்படித்தான் விடுவார்கள். மாட்டுக் கொட்டகைக்கு மேலே வைக்கோலில் படுக்கை. கீழிருந்து மாடுகளின் சூடு வரும், அதனால் குளிர்காலம்தான் அவனுக்குப் பிடிக்கும். பன்னிரண்டு வயதில் ஒரு பசு உதைத்து முன்பல் போனது. அப்புறம் எப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பான்.

இவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

ரோசினா டூர்ஸ்ட்


நியூ லிந்தால்
1975 ஜூலை 14

அன்புள்ள ரோசினா அம்மாவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் பொய்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். சிவப்புத் துணியில் அவர் அழுதுவிட்டார். அடுத்த பத்தியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். எட்டு வயதில் இறந்தவனைப் பன்னிரண்டு வயதில் பசு எப்படி உதைக்கும்?

"ஏன் நிறுத்திட்ட?" என்றார். "கையெழுத்து புரியலப்பா" என்று அந்த வரியைத் தாண்டிப் படித்தேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு அவரிடம் சொல்கிறேன் என்று நினைத்தேன். போன வாரம் அவருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. தெரிந்தால் போதும்.

ஆர்டிஸ்


நியூ லிந்தால்
1975 செப்டம்பர் 8

அன்புள்ள ரோசினா அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா, உடம்புக்கு ஏதாவதா என்று கவலையாக இருக்கிறது.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறது. "ஓபர்மாட்டுக்காரி எழுதினாளா?" என்று தினமும் கேட்கிறார். சுவிட்சர்லாந்தில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று புளுகியிருக்கிறேன். "சுவிஸ்காரன் வேலைநிறுத்தமா? உலகம் முடியப்போகுது" என்று சிரிக்கிறார். என் கணவர் வெர்னான் வெளியே போய்ச் சிரித்தார், அப்புறம் உள்ளே வரவில்லை.

ஒரே ஒரு வரி போடுங்கள்.

ஆர்டிஸ்


ஓபர்மாட்
1975 அக்டோபர் 9

ஆர்டிஸ்,

நான் சுகம். வெட்கம் மட்டும் இருக்கிறது.

1886இல் இறந்தது மாவு மில் வீட்டு யாக்கோப் ஹெஃப்டி. அவனுக்கும் எட்டு வயது. ஸ்ட்ரைஃப் பொய் சொல்லவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரருக்கு எங்கள் வீட்டுப் பெயர்கள் தெரியாது. எந்த யாக்கோப் என்று உன் தாத்தா கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை.

பாறையடி வீட்டு யாக்கோப் 1950 நவம்பர் வரை உயிரோடு இருந்தார். துணி அச்சுப் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு ஒரே மகள். நான்தான்.

முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவிலிருந்து சேதி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அங்கே புதிதாகக் குடும்பம் வந்திருக்கும், நம்மை மறந்துவிட்டார் என்று அப்பா முடிவு கட்டினார். "நீங்களே ஒரு கடுதாசி போட்டா என்ன? கை தேஞ்சா போயிடும்?" என்று அம்மா சண்டை போடுவாள். "விட்டுட்டுப் போனவரு எழுதட்டும்" என்பார். எத்தனையோ வருடம் இதே சண்டை, இதே பதில். சாகும் வாரம்கூட, "வசந்தம் வந்துடுச்சா?" என்று கேட்டார். நவம்பர் மாதம் அது.

உன் முதல் கடிதம் வந்தபோது அடுப்பில் போடத்தான் எடுத்தேன். செத்துப்போன பையனுக்கு ஆயுள் முழுக்கப் பூ, உயிரோடு இருந்தவருக்கு ஒரு வரி இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நீ கொப்பரைக் கதையை எழுதிய பிறகு கோபத்தை யார் மேல் வைப்பது என்றே தெரியவில்லை. யாரும் கெட்டவர் இல்லையென்றால், என் அப்பா எதற்காக அப்படி வாழ்ந்தார்? அதை எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்து போய்விட்டேன்.

உன் அப்பாவிடம் இதைச் சொல். அவர் கேட்ட பூவை நான் எப்போதோ வைத்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில், பனி உருகிய முதல் வாரம், அப்பா கல்லறையில் ஒரு சிவப்பு ஜெரானியம் நட்டேன். 'உங்க தம்பி கொடுத்தது' என்று அவரிடம் சொன்னேன். கோடை முழுக்கப் பூத்தது. எழுதத்தான் இல்லை.

ரோசினா


நியூ லிந்தால்
1975 அக்டோபர் 30

அன்புள்ள அக்கா,

பெரியப்பா மகளை வேறு எப்படிக் கூப்பிடுவது? உடம்பு எப்படி இருக்கிறது?

உன் கடிதம் இங்கே வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவைச் செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்திருந்தோம்.

கஷ்டப்படவில்லை. ஞாயிறு காலை காபி கேட்டார், பாதி குடித்தார். "அந்த வேலைநிறுத்தம் முடிஞ்சதும் அவகிட்ட கேளு, அவனுக்குப் பூ வச்சாளான்னு" என்றார். கேட்கிறேன் என்றேன். நான் கோப்பையைக் கழுவிவிட்டு வருவதற்குள் போய்விட்டார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். ஏப்ரலில் பூ வைத்தாயே, 'வைத்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? அது யாருடைய குழி என்றுகூடச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லையே!

மறுநாள் என்னைத் திட்டிக்கொண்டேன். ஜூலையில் அந்த வரியைத் தாண்டாமல் படித்திருந்தால், தன் அண்ணன் வளர்ந்து ஆளாகி வாயை மூடிக்கொண்டு சிரித்தான் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். நாம் எல்லாரும் ஒரே ஜாதி, அக்கா. பூ வைப்போம், எழுத மாட்டோம்.

அப்பா தன் இடத்தை ரொம்ப வருடம் முன்பே வாங்கி வைத்திருந்தார், யாக்கோப் கல்லுக்குப் பக்கத்திலேயே. 'சின்னப் பையன், தனியா இருக்கக் கூடாது' என்பார். அங்கேதான் வைத்தோம்.

ஆர்டிஸ்


ஓபர்மாட்
1975 டிசம்பர் 14

ஆர்டிஸ்,

உங்கள் வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நீ திட்டியது சரி. மன்னிப்பு கேட்டால் நீ கொடுத்துவிடுவாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் அந்த வரிசையை எடுத்தார்கள். போய் நின்றேன். கல்லை எடுத்து வண்டியில் வைத்தார்கள், மண்ணைச் சமப்படுத்தினார்கள். "கல்லு வேணுமா?" என்று கேட்டான் வேலைக்காரன். இரண்டாவது மாடிக்கு அதை எப்படித் தூக்குவது? வேண்டாம் என்றேன். ஜெரானியத்தை மட்டும் வேரோடு பிடுங்கி வந்தேன். நிலவறையில் இருக்கிறது, குளிர் தாங்கும்.

அன்றைக்கு எனக்கு ஒன்று தோன்றியது. போர் முடிந்த அந்தக் குளிர்காலத்தில் உன் அப்பா இங்கே வந்திருந்தால், கதவைத் திறந்திருப்பது நான்தான். எட்டித் தாழ்ப்பாளைத் திறக்கப் பழகிய வயது எனக்கு. அடுப்படியில் அப்பா உட்கார்ந்திருப்பார். இவர் "யாக்கோப் குழி எங்கே?" என்று கேட்டிருப்பார். அப்பா, "எந்த யாக்கோப்?" என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி போதும், எல்லாம் நேராகியிருக்கும்.

இப்போது என் அப்பாவுக்கு இந்த ஊரில் ஒரு அடையாளமும் இல்லை.

ரோசினா


நியூ லிந்தால்
1976 மார்ச் 15

அன்புள்ள அக்கா,

முழங்கால் எப்படி? இங்கே பனி உருகி ஒரே சேறு. வெர்னானின் பூட்ஸ் வாசலிலேயே குடியிருக்கிறது.

இரண்டு பக்கம் எழுதி முடித்துவிட்டேன், ஐந்து பக்கமாகிவிட்டது. விழாக் குழுத் தலைவி படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். அப்புறம், "பண்டிகைப் புத்தகம் பாரு, இவ்வளவு சோகம் வேண்டாம்டி. தாத்தா எத்தனை மாடு வச்சிருந்தாருன்னு போடேன்" என்றாள். மாட்டையும் போட்டேன், சோகத்தையும் எடுக்கவில்லை.

கேட்க வந்தது இதுதான். இங்கே கல்லறைக் கல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். உன் அப்பா பெயர் ஏற்கெனவே ஒரு கல்லில் இருக்கிறது, ஆண்டுதான் தப்பு. கல் செதுக்குபவரிடம் கேட்டேன். 1886ஐ இழைத்துவிட்டு 1950 போட முடியும் என்கிறார். மே மாதக் கடைசியில் பூ வைக்கும் நாளுக்குள் முடித்துத் தருவார். போடச் சொல்லட்டுமா?

அந்த நாளுக்கு நீயும் வாயேன். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. வருவதானால் எழுது, வராவிட்டாலும் எழுது.

ஆர்டிஸ்


ஓபர்மாட்
1976 மார்ச் 22

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. முதலில் இதை எழுதிவிட்டுத்தான் காபி போடப் போகிறேன். நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருங்கள்.

வருகிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதி எழுதுகிறேன். ஜெரானியத்தை எல்லையில் விட மாட்டார்களாம். சிவப்பில் ஒன்று அங்கே வாங்கி வை.

கல்லைத் தொட வேண்டாம் என்று செதுக்குபவரிடம் சொல். 1886 அப்படியே இருக்கட்டும். தன் அப்பா தனக்காக அழுதார் என்பது என் அப்பாவுக்குச் சாகும்வரை தெரியாது. தாத்தா அழுததற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தப்பான ஆண்டுதான். அதை நான் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
ரோசினா